மனக்கிலேசமும் நரம்பின் உறையும்

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பேரனாகப் பிறந்தும், பெற்றோரின் விவாகம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பானபடியால் அரச குடும்பத்தில் இடம் பெறாமற்போன அகஸ்டஸ் டெஸ்டே என்பவர், 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தாம் தந்தையாகவே பாவித்துவந்த உறவினர் ஒருவரோடு சில தினங்கள் தங்கியிருக்கும் ஆசையுடன் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்குப் பயணமானார். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த உறவினர் காலமாகிவிட்டிருந்தார். சவ அடக்கத்தின்போது பலர் முன்னிலையில் அழக்கூடாது என்று பெரும்பாடு பட்டும் தம்மால் அழுகையை அடக்க முடியவில்லை என்று டெஸ்டே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதன்பின் சிறிது காலத்துக்குள் அவருடைய கண்கள் மங்கின. வந்த கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்லவும், பதில்களைப் பிறர் எழுதித் தரவும் வேண்டியதாயிற்று. பிறகு அயர்லாந்துக்குப் போனார். மருந்து ஏதுமின்றியே பார்வை பழையபடி தெளிந்தது. 1827இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருந்தபோது ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. கால்களின் பலம் குன்றியது. அதுவும் ஓரளவு சரியாயிற்று. இப்படி வருவதும் போவதுமாக இருந்த வியாதி ஆண்டுகள் செல்லச் செல்லப் போகாமலே தங்கிவிட்டது. 1848இல் அவர் இறந்தார். அவருக்கு வந்தது இன்ன நோய் என்று சொல்லக்கூடிய வைத்தியர் அன்று உலகில் ஒருவரும் இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1868இல், பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ழான் மார்த்தன் ஷார்க்கோ என்ற மேதை, மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் திசு இறுகிப்போகும் இவ்வியாதியைத் தனியொரு நோயாகப் பிரித்துக் காட்டினார். இன்று அதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றும், சுருக்கமாக எம்.எஸ். என்றும் சொல்கிறோம், தண்டுவட மரப்பு நோய் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். ஷார்க்கோ தம்முடைய நோயாளிகளின் பூர்வ கதையை விசாரித்தபோது, நெடிய துக்கம், மனக்கசப்பு, வாழ்க்கை நிலையில் ஏற்பட்ட தாழ்வு ஆகியவை நோய்க்கு முன்னோடியாக அமைந்திருந்ததைக் குறித்துவைத்தார். டெஸ்டேயின் நாட்குறிப்பை அவர் பார்த்ததில்லை. டக்ளஸ் ஃபர்த் என்பவர் அதை நூலாக்கியதே 1948இல்தான். தனித்தனியே எழுந்த இவ்விரண்டு சாட்சியங்களும் ஒன்றையே சொல்வதைக் காணும்போது, துக்கந்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று முடிவுகட்டிவிட எவருக்கும் ஆசை உண்டாகும். அந்த ஆசைக்கு உடனே இடங்கொடாமல், நூற்றைம்பது ஆண்டுகளாக இவ்விஷயம் எப்படி எப்படியெல்லாம் பரீட்சிக்கப்பட்டது என்று பார்ப்பதே நமக்கு நல்லது.

முதலில் நோயின் சுபாவத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை சுற்றியிருப்பதுபோல், மூளையிலும் தண்டுவடத்திலும் செல்லும் நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புப் பொருள் சுற்றியிருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களில் சில, எதிரி இன்னது உறவு இன்னது என்று அறியாமல், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டி உட்புகுந்து இவ்வுறையை அரிக்கின்றன. உறை தேய்ந்த இடத்தில் செய்தி தடைப்படுகிறது. கண்ணுக்குச் செல்லும் நரம்பில் அது நிகழ்ந்தால் பார்வை மங்குகிறது, தண்டுவடத்தில் நிகழ்ந்தால் கால் மரத்துப்போகிறது. பிறகு வீக்கம் வடிகிறது, உறையும் ஓரளவு மீண்டும் வளர்கிறது, நோயாளி எழுந்து நடமாடுகிறார்; சில மாதங்களோ சில வருஷங்களோ கழித்து மற்றோர் இடத்தில் மறுதாக்குதல் வருகிறது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இந்நோயோடு வாழ்கிறார்கள் என்று 2020இல் கணக்கிடப்பட்டது. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். ஆண்களைக் காட்டிலும் பெண்களை இரு மடங்குக்கு மேல் பீடிக்கும். வட ஐரோப்பாவில் மிகுதி, நம் தேசத்தில் குறைவு. ஆயினும் நம் நகரங்களின் நரம்பியல் நிபுணர்களுக்கு இது புதிய வியாதி அன்று.

காரணமின்றியே வந்து காரணமின்றியே தணியும் இச்சுபாவம்தான் ஆராய்ச்சியாளர்களை நெடுங்காலம் திகைக்கவைத்தது. மனித வாழ்க்கையில் கவலைக்குப் பஞ்சமில்லை. எந்த மாதத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு சாவோ, ஒரு சச்சரவோ, ஒரு கடன் தொல்லையோ இருக்கவே இருக்கும். ஆகவே எந்தத் தாக்குதலுக்கும் முன்னால் ஏதேனும் ஒரு மனத்துன்பம் அகப்படாமற் போகாது. அன்றியும், படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரிடம், உமக்கு முன்பு ஏதாவது கவலை இருந்ததா என்று கேட்டால், தம் துன்பத்துக்கு ஒரு நியாயம் தேடித் தவிக்கும் அவருடைய உள்ளம், சாதாரண நாட்களில் மறந்தே போயிருக்கக்கூடிய ஒரு வாக்குவாதத்தையும் பெரிதாக்கி நினைவுக்குக் கொண்டுவரும். நடந்த பின் கேட்டறியும் சாட்சியம் இவ்வகையில் பலவீனமானது. நடப்பதற்கு முன்பே எழுதி வைத்ததாக இருந்தால்தான் அதற்குப் பெறுமதி உண்டு.

அப்படி எழுதி வைக்கச் செய்தவர்கள் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் 73 நோயாளிகளிடம், அந்த வாரத்தில் தங்களுக்கு நேர்ந்த மனத்துன்பங்களை வாரந்தோறும் குறித்துவரும்படி கேட்டுக்கொண்டார்கள். நோயின் காரணமாகவே எழும் கவலை இக்கணக்கில் சேரக்கூடாது என்பது நிபந்தனை. சராசரியாக ஒருவருக்கு ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் இது நடந்தது. 457 மனத்துன்பங்களும் 134 மறுதாக்குதல்களும் குறிப்பேடுகளில் பதிவாயின. 2003இல் வெளியான முடிவு இது: மனத்துன்பம் நேர்ந்த வாரத்தை அடுத்து வரும் நான்கு வாரங்களில் மறுதாக்குதல் நேரும் விகிதம் சுமார் இரு மடங்காக உயர்ந்திருந்தது. அடுத்த ஆண்டே, 14 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த டேவிட் மோர் முதலிய அமெரிக்க நிபுணர்களும் இதே திசையில் நடுத்தரமானதொரு சம்பந்தம் இருப்பதைக் கண்டார்கள்.

இங்கே கூர்மையுள்ள வாசகர் ஒரு தடை எழுப்பலாம். கவலையில் இருப்பவனுக்குச் சளி பிடிக்கும்; சளி பிடித்தால் எம்.எஸ். கிளர்ந்தெழும், எனவே குற்றவாளி சளியே அன்றிக் கவலை அன்று என்பது அத்தடை. அலட்சியப்படுத்தக்கூடியது அன்று அது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இருந்த ஜலதோஷ ஆராய்ச்சி நிலையத்தில் 394 தொண்டர்களின் மூக்கில் ஜலதோஷ வைரஸை வேண்டுமென்றே சொட்டவிட்டுப் பார்த்ததில், மனக்கவலை மிகுந்தவர்களை நோய் அதிகமாகப் பற்றியதை 1991இல் வெளியிட்டிருக்கிறார்கள். ராட்டர்டாம்காரர்கள் இதையும் எண்ணிப் பார்த்தே தொற்றுநோய்களையும் உடன் கணக்கெடுத்தார்கள். தொற்று மறுதாக்குதலைச் சுமார் மும்மடங்காக்கியது மெய்யே. ஆயினும் அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மனத்துன்பத்தின் பங்கு அப்படியே நின்றது.

நோயாளியின் வாய்மொழியை நம்பாமல் மூளையையே கேட்க வேண்டும் என்று விரும்புவோருக்கு எம்.ஆர்.ஐ. கருவி கிடைத்திருக்கிறது. காடலினியம் என்ற உலோகத்தின் சேர்க்கையை இரத்தக் குழாயில் ஏற்றிவிட்டுப் படம் எடுத்தால், தடுப்பு உடைந்து புதிதாக வீக்கம் கண்ட இடத்தில் மட்டும் அது மூளைக்குள் கசிந்து, படத்தில் வெள்ளை வெளேரென்று ஒளிரும். பழைய தழும்புகள் ஒளிர்வதில்லை. ஆகவே நோயாளிக்கே தெரியாமல் மூளையில் நடந்துவரும் சேதத்தையும் தேதியிட்டுச் சொல்ல முடிகிறது. மோர் இம்முறையில் 36 நோயாளிகளை மாதந்தோறும் கவனித்து 2000இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிறரோடு பிணக்கும், அன்றாட வாழ்க்கையின் ஒழுங்கு குலைதலும் மிகுந்த காலத்துக்கு எட்டு வாரங்கள் கழித்துப் புதிய ஒளிர்திட்டுகள் தோன்றும் வாய்ப்பு அதிகமாயிருந்தது. எட்டு வாரங்கள் என்ற இந்த இடைவெளியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் நேற்றைய சண்டையால் இன்று கை மரத்தது என்று நோயாளிகள் சொல்லும் கதைக்கு அது பொருந்துவதில்லை.

இனி, எல்லாவற்றையும் தலைகீழாக்கும் ஒரு சம்பவம். 1991ஆம் ஆண்டு ஜனவரியில் வளைகுடா யுத்தம் மூண்டபோது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் இஸ்ரேலின் நகரங்களில் விழுந்தன. விஷவாயு வருமோ என்று அஞ்சிய மக்கள், அபாயச் சங்கு ஊதும் ஒவ்வொரு முறையும் முகமூடி அணிந்து, இடுக்குகளை அடைத்த அறைக்குள் புகுந்து கிடந்தார்கள். அந்நாட்களில் நிசிபியானு, கோர்ச்சின் என்ற இரு வைத்தியர்கள் 32 எம்.எஸ். நோயாளிகளைக் கவனித்துவந்தார்கள். கவலை நோயைக் கிளப்பும் என்றால் அப்போதுதான் அது கிளம்பியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: யுத்த காலத்திலும் அதை அடுத்த இரண்டு மாதங்களிலும் எதிர்பார்த்ததைக் காட்டிலும் குறைவாக, மூன்றே மறுதாக்குதல்கள் நிகழ்ந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2006இல், லெபனானிலிருந்து வந்த ராக்கெட்டுகள் 33 நாட்கள் வட இஸ்ரேலைத் தாக்கியபோது, 156 நோயாளிகளில் 18 பேருக்கு அந்நாட்களுக்குள் மறுதாக்குதல் வந்தது. அதற்கு முந்திய ஓராண்டில் அத்தனை நீளமுள்ள எந்தக் காலப் பகுதியிலும் ஆறுக்கு மேல் வந்ததில்லை. எல்லைக்கு அப்பால் அதே யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு ஆளான லெபனானிலும், பெய்ரூட்டின் வைத்தியர்கள் மறுதாக்குதல்களும் ஒளிர்திட்டுகளும் அதிகரித்ததைக் கண்டார்கள்.

ஒரே தேசம், ஒரே வகை ஆபத்து, ஏறக்குறைய ஒரே அளவு காலம். விளைவு மட்டும் எதிர்மாறு. குறுகிய கால அச்சம் நோயை அடக்கும், நெடிய கவலை அதைக் கிளப்பும் என்று சிலர் இதற்குச் சமாதானம் கூறுவதுண்டு. இரு யுத்தங்களும் சில வாரங்களே நடந்தவையாதலால் அச்சமாதானம் இந்த இடத்தில் அவ்வளவாகச் செல்லாது. 2006இல் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர்களும், அச்சத்தால் மிகவும் கலங்கியதாகத் தாமே கூறியவர்களும் அதிகமாகத் தாக்குண்டார்கள் என்பதைப் பார்த்தால், விழுந்த குண்டைவிட அது உள்ளத்தில் எப்படி விழுந்தது என்பதே கணக்கில் முந்துகிறது போலும். முப்பத்திரண்டே பேரை வைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சியில் தற்செயலும் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் அந்தச் சமாதானத்தில் உள்ள கருத்து சரீர நூலுக்கு விரோதமானது அன்று. மன்ட்ரீலில் ஹான்ஸ் செல்யே 1936இல், குளிர், காயம், விஷம் என்று எவ்விதமாகத் துன்புறுத்தினாலும் எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்துப்போவதைக் கண்டு வெளியிட்டார். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் கட்டளையிட, பிட்யூட்டரி அதைக் கைமாற்ற, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இந்தக் கார்டிசாலோ வெள்ளையணுக்களை அடக்கும் தன்மையுடையது. அதன் இனத்தைச் சேர்ந்த கார்டிசோனை 1948இல் முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தி வெற்றி கண்ட பிலிப் ஹென்ச் உள்பட மூவருக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் எம்.எஸ். நோயாளிக்குக் கடுமையான மறுதாக்குதல் வந்தால், அதே இனத்து மெதில்பிரட்னிசலோனைத் தினம் ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதே வழக்கம். கவலைப்படும் மனிதனின் உடல் தானே தயாரிக்கும் பொருளின் நெருங்கிய உறவினரைத்தான் வைத்தியர் ஊசியில் எடுத்து ஏற்றுகிறார்! அவ்வாறாயின் கவலை இந்நோய்க்கு மருந்தாகவல்லவோ இருக்க வேண்டும்?

விடுகதைக்கு விடை வேறொரு நோயின் பக்கத்திலிருந்து கிடைத்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோரிடமும், ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோரிடமும் இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளையணுக்களின் மேல் கார்டிசால் இனத்து மருந்தை விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோருடைய அணுக்கள் மருந்தின் ஆணைக்குப் பணிந்து, வீக்கத்தைத் தூண்டும் பொருளைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டன. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையருகே கண் விழித்திருந்த பெற்றோரின் அணுக்களோ அந்த ஆணையை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. திடீர் ஆபத்தில் கார்டிசால் பொங்கி எழுந்து வெள்ளையணுக்களை அடக்குகிறது; ஓயாத கவலையில் அதே கார்டிசால் எப்போதும் இருந்துகொண்டே இருப்பதால் அணுக்கள் அதற்குச் செவிடாகிவிடுகின்றன போலும். எம்.எஸ்.ஸுக்கு நிகரான நோயை உண்டாக்கிய எலிகளைக் கட்டிவைத்துத் துன்புறுத்திய ஆரம்பகாலச் சோதனைகளில் நோய் அடங்கியதும், வேறு சில சோதனைகளில் துன்பத்தின் வகையும் காலமும் மாறியபோது நோய் முற்றியதும் இதனோடு இசைந்து போகின்றன. துன்பத்தின்போது ஹைப்போதலாமஸ் சுரக்கும் பொருள், மாஸ்ட் அணுக்கள் எனப்படுபவற்றைத் தூண்டி, மூளையின் தடுப்பையே தளர்த்துவதாகவும் எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

இதுகாறும் சொன்னதெல்லாம் நோய் முன்பே உள்ளவரின் மறுதாக்குதலைப் பற்றியது. நோயே இல்லாதவருக்குக் கவலையால் அது புதிதாக வருமா என்பது வேறு கேள்வி. அதில் சாட்சியம் மெலிந்துவிடுகிறது. டென்மார்க் தேசத்தில் ஜனங்களைப் பற்றிய பதிவேடுகள் வெகு சீராக இருப்பதால், 1980 முதல் 1996 வரை பிள்ளையைப் பறிகொடுத்த 21,062 பெற்றோரைப் பின்தொடர்ந்து பார்க்க முடிந்தது. பிள்ளையை இழக்காதவர்களைவிட அவர்களிடையே எம்.எஸ். சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். சாவு எதிர்பாராமல் நேர்ந்திருந்தால் இரு மடங்கு. புத்திரசோகத்துக்கு மேற்பட்ட துக்கம் வேறு என்ன இருக்கிறது? அந்தத் துக்கத்துக்கே இவ்வளவுதான் வலிமை. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நர்சுகளைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஆராய்ச்சியிலோ, வீட்டிலும் வேலையிலும் பட்ட கடும் மனத்துன்பத்துக்கும் எம்.எஸ். தோன்றுவதற்கும் சம்பந்தம் எதுவும் தென்படவில்லை என்று 2011இல் அறிவித்தார்கள். இதற்கு எதிரே, எப்ஸ்டைன் பார் என்னும் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு உயர்வதை, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரடங்கிய திரளிலிருந்து எடுத்த இரத்த மாதிரிகளைக் கொண்டு 2022இல் காட்டியிருக்கிறார்கள். ஒன்றரைக்கும் முப்பத்திரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்ட பிறகு, மூலகாரணத்தைத் துக்கத்தில் தேடுவது வீண் முயற்சி என்றே சொல்ல வேண்டும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. எம்.எஸ். முதன்முதலாக வெளிப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அந்நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாக வைத்தியரிடம் போய்வந்திருக்கிறார்கள் என்று கனடாவின் பதிவேடுகள் காட்டுகின்றன. வாழ்நாளில் நோயாளிகளில் பாதிப்பேரை மனச்சோர்வும் பீடிக்கிறது. மூளையை அரிக்கும் வியாதி, கை கால்களில் புலப்படுமுன்பே மனத்தையும் தொட்டுவிடக்கூடும். அந்நிலையில் கவலை நோய்க்குக் காரணமாக இராமல் நோயின் முதல் அறிகுறியாகவே இருக்கும். டெஸ்டே சவ அடக்கத்தில் அடக்கமாட்டாமல் அழுததுகூட அப்படிப்பட்டதோ என்று கேட்கலாம். ஆனால் நெருங்கிய உறவினரின் சாவுக்கு அழுவதற்கு மூளையில் கோளாறு எதுவும் வேண்டியதில்லை.

இந்த வித்தியாசங்களையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நோயாளியைச் சூழ்ந்திருப்பவர்கள், “நீ எதையாவது நினைத்து நினைத்து மருகுகிறாய், அதனால்தான் உனக்கு இப்படி வருகிறது” என்று சொல்லிவிடுவது மிகவும் எளிதாயிருக்கிறது. சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார். கேட்பவருக்கோ நோயோடு பழியும் சேர்ந்துவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த டென்மார்க்குப் பெற்றோரிலேயே மிகப் பெரும்பாலோருக்கு எம்.எஸ். வரவில்லை என்பதைச் சூழ்ந்திருப்பவர்கள் அறிந்திருந்தால் இப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். அமெரிக்காவில் நஷ்ட ஈட்டு வழக்குகளிலும் இந்தப் பிரச்சினை எழுந்ததுண்டு. அங்குள்ள நரம்பியல் நிபுணர் சங்கம் 1999இல் சாட்சியங்களைப் பரிசீலித்து, மனத்துன்பத்துக்கும் எம்.எஸ்.ஸுக்கும் சம்பந்தம் இருக்கலாம், ஆனால் நிரூபணமாகவில்லை என்று அபிப்பிராயம் கூறியது. ராட்டர்டாம் ஆராய்ச்சி அதற்குப் பின் வந்தது.

வேறொரு மயக்கத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். உடற்சூடு சற்று உயர்ந்தாலே, உறை தேய்ந்த நரம்பில் செய்தி இன்னும் தடுமாறி, பழைய குறிகள் தலைதூக்கும். ஜெர்மானியக் கண் வைத்தியர் ஊட்ஹாஃப் 1890இல் இதை விவரித்தார். எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்திக் குறிகள் வருகின்றனவா என்று பார்த்து நோயைத் தீர்மானித்ததும் உண்டு. சித்திரை மாதத்து வெயிலில் நடந்து வந்தோ, மனம் கொதித்து இரவெல்லாம் உறங்காமலோ இருந்தவருக்குக் கண் மங்கி, இளைப்பாறியதும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடுமானால் அது மறுதாக்குதல் அன்று; மூளையில் புதிய சேதம் நிகழவில்லை. ஒரு நாளுக்கு மேல் நீடித்து, காய்ச்சலும் இல்லாதிருந்தால்தான் வைத்தியர்கள் மறுதாக்குதல் என்று கொள்வார்கள். கோபம் வந்தவுடனே நோய் முற்றுகிறது என்று பலர் நம்புவதற்கு இந்தப் போலித் தாக்குதலே பெரும்பாலும் காரணம்.

கவலை மறுதாக்குதலைக் கிளப்புவது உண்மையானால், கவலையைக் கையாளக் கற்பித்தால் அது குறைய வேண்டும் அல்லவா? மோர் இதையும் பரீட்சை செய்து 2012இல் வெளியிட்டார். 121 நோயாளிகளைத் திருவுளச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 24 வாரங்களில் 16 முறை, பிரச்சினைகளை ஆராய்ந்து தீர்ப்பது, உடலைத் தளர்த்தி ஓய்வு கொள்வது, வேண்டாத எண்ணங்களை மாற்றிக்கொள்வது முதலியவற்றைத் தனித்தனியே கற்பித்தார்கள். மற்றப் பிரிவினரைக் காத்திருக்கச் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 76.8 சதவீதம் பேருடைய மூளையில் அக்காலத்தில் புதிய ஒளிர்திட்டு ஒன்றுகூடத் தோன்றவில்லை. காத்திருந்தவர்களில் அத்தகையோர் 54.7 சதவீதமே. வெறும் பேச்சினால் மூளையின் படத்தில் மாறுதல் காணக்கூடும் என்பது அற்புதமான செய்திதான். ஆனால் பயிற்சி நின்றபின் தொடர்ந்து 24 வாரங்கள் கவனித்ததில் அவ்வித்தியாசம் மறைந்துவிட்டது. 1993இல் இன்டர்ஃபெரான் பீட்டா அங்கீகாரம் பெற்றது முதல் மறுதாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் பல வந்திருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டிருப்பவர் இச்செய்தியைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்த எண்ணினால் அது விபரீதமாகவே முடியும். மருந்தோடுகூட இத்தகைய பயிற்சியையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் நடத்திப் பார்க்கும் ஆராய்ச்சியே இனித் தேவைப்படுவது.